வலது தோள், ஒரு படம்

பெயர் சோ. வயிரவன். வயது இருபத்திரண்டு.
ஊர் கோட்டையூர்.
தொழில் என்ற கட்டத்தை மட்டும் விட்டுவிட்டுச்
சீட்டை என்னிடம் நீட்டினான்.

பதினோரு நாள் முன்னால்
செக்காலை ரோடு டீக்கடை டி.வி.யில்
அவனைப் பார்த்திருந்தேன்.
நூற்று நாற்பத்தொன்று என்று திரையில் எண் வந்தது.
பால் ஆற்றிய கை அந்தரத்தில் நிற்க
"அறந்தாங்கி பஸ்கூட இந்தப் போக்குப் போகாதப்பா" என்றார் கடைக்காரர்.
நடுக்குச்சி
கீப்பரைத் தாண்டிப் போய் விழுந்தது.

மொத்தக் கணக்கு:
இரண்டு ஆட்டம்,
ஆறு ஓவர், இரண்டு பந்து, ஒரு விக்கெட்.
அடுத்த பந்து கையைவிட்டுப் போகவில்லை.
கைதான் அவனைவிட்டுப் போயிற்று.

"சட்டையைக் கழற்றுங்க. கையைத் தூக்குங்க."
மார்பு உயரம்வரை தூக்கி
இவ்வளவுதான் என்பதுபோல் பார்த்தான்.
"மூச்சை அடக்குங்க."
அடக்கினான்.
விடச் சொன்ன பிறகும் விடவில்லை, கொஞ்ச நேரம்.

எலும்பு வெள்ளை வெளேரென்று இருந்தது,
இன்றைக்குத்தான் கடையில் வாங்கியதுபோல.
கிழிந்தது தசைநார்.
அது என் இயந்திரத்தில் விழாது.
மதுரைக்குப் போகச் சொன்னார் டாக்டர்.
"அப்ப ஒண்ணும் இல்லையா சார்?"
இரண்டு முறை கேட்டான் என்னிடம்.
படமெடுப்பவன் பதில் சொல்லக் கூடாது.

வாங்க வரவே இல்லை.
பாக்கி நானூற்றைம்பது என்று உறையில் எழுதி
அலமாரியில் செருகினேன்.

மார்கழியில் கிரகணம்.
மொட்டை மாடியில் நர்ஸுகள், மருந்துக்கடை அன்வர்,
ஆளுக்கொரு பழைய படத்தை உயர்த்திக்கொண்டு.
"கண்ணு போயிரும்!" கீழேயிருந்து கத்தினார் டாக்டர்.
என் கைக்கு வந்தது அவன் உறை.

தோளுக்கு மேலே,
உடம்பு முடிந்து வெறும் காற்று தொடங்கும் கறுப்பில்
சூரியன் வந்து நின்றது.
ஓரம் தேய்ந்து, தேய்ந்து,
பிறகு வெறும் வளையம்.
அவன் கை போயிருக்க வேண்டிய உயரம் அது.
மூன்று நிமிடம்கூட இருக்காது.
அன்வர் தட்டிப் பறித்துக்கொண்டான்.

போன வாரம் புதுவயல் அரிசி மில் வாசலில்
லோடு வண்டிக்குள்ளிருந்து ஒரு குரல்.
"கியரு இடது கையில்தானே சார், தொந்தரவு இல்லை."
பாக்கியைக் கேட்காமலே எண்ணிக் கொடுத்தான்,
அதுவும் இடது கையால்.
படம் வேண்டாமா என்றேன்.

"அதுலதான் ஒண்ணும் இல்லைன்னு சொன்னீங்களே."

நான் சொல்லவில்லை.