எட்டு புள்ளி நான்கு

பாறசாலை தாண்டும்போதே பெருவிரல் சொல்லிவிட்டது
இந்த மாதக் கணக்கு சரியில்லையென்று.
இடதுகாலின் செருப்பைக் கழற்றிப் பையில் போட்டு
கம்பியைப் பிடித்து நின்றேன்.
யாருடைய பிளாஸ்டிக் குடமோ உரசியதற்கு
தொண்டைவரை வந்த வார்த்தையை
பாலராமபுரம்வரை மென்றேன்.

கிரியாட்டினின் ஒன்று புள்ளி மூன்றாக இருந்தது,
ஒன்று புள்ளி ஆறு.
யூரிக் அமிலம் எட்டு புள்ளி நான்கு.
டாக்டர் ஷீபா இரண்டையும் வட்டமிட்டு
நடுவே ஒரு கோடு இழுத்தார்.
எந்த முனையில் அம்புத்தலை வரைவதென்று யோசித்தார்.
வரையவில்லை.
வடிகட்டல் குறைந்ததால் அமிலம் ஏறியதா,
அமிலம் ஏறியதால் வடிகட்டல் குறைந்ததா,
அல்லது உறுப்பைக் காப்பாற்றும் மாத்திரையே
பின்வாசல் வழியே செய்யும் வேலையா இது.
'தீர்த்துப் பறயான் பற்றில்ல, சேச்சி.'

ஆறு வருடத்தில் முதல்முறையாக
ஒருவர் என்னிடம் தெரியாது என்றார்.
பிடித்திருந்தது.
வயிறும் கலங்கியது.

மூட்டுக்கு எல்லோருக்கும் கொடுக்கிற மாத்திரை
நான் காலையில் விழுங்கும் ஒன்றோடு ஒத்துப்போகாதாம்,
ரத்த அணுக்களை வாரிக்கொண்டு போய்விடுமாம்.
எழுதியதை அடித்தார்,
சீட்டைக் கிழித்து வேறொன்று எழுதினார்.
வெள்ளம் நிறையக் குடிக்கணும்.
ஈரல் வேண்டாம், பீஃப் வேண்டாம்,
சாளை...
அங்கே கொஞ்சம் நிறுத்தினார்.
விழிஞ்ஞத்துக்காரி.
சொல்ல அவருக்கே மனம் வரவில்லை.

களியக்காவிளை பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே
நான் ஜெராக்ஸ் போடுகிறவள்.
செக்போஸ்டில் நிற்கும் லாரிக்காரர்களின் ஆர்.சி. புத்தகம்,
நர்சிங் பிள்ளைகளின் மார்க் ஷீட்,
இரண்டு அரசாங்கத்தின் ரேஷன் அட்டைகள்.
எது அசல் எது நகல் என்று
தாளின் சூட்டை வைத்தே சொல்வேன்.
டாக்டரின் கோட்டைத்தான்
எந்தப் பக்கம் திருப்பிப் பார்த்தும்
சொல்ல முடியவில்லை.

ராத்திரி வின்சிலாஸ் வந்தான்.
என் வலது அடிவயிற்றில் இருப்பது
அவனுடைய இடது சிறுநீரகம்.
ஃபைலைப் புரட்டினான், ஒன்றும் விளங்காமல் மூடினான்.
'எக்கா, நான் தந்தது கொள்ளாத சாமானா?'
'போல, பைத்தியக்காரா.'
அவன் சிரிக்கவில்லை.
கடைக்குள் போய் மெஷினின் சுவிட்சைப் போட்டு,
சட்டைப்பையிலிருந்து நாலாய் மடித்த தாளை எடுத்து
கண்ணாடியில் கவிழ்த்து வைத்தான்.
'ஒரு காப்பி போடு.
கொடுத்தவங்களுக்கு உள்ள வருசச் செக்கப்பு.
ஆஸ்பத்திரியில கேக்கான்.'

பச்சை வெளிச்சம் மூடிக்குக் கீழே
ஒருமுறை போய்த் திரும்பியது.
வெளியே வந்த தாள் சூடாக இருந்தது.
மார்த்தாண்டம் லேப். ஜூலை.
பெயர், வயது, ஒற்றைச் சிறுநீரகம்.
யூரிக் அமிலம்: ஒன்பது புள்ளி ஒன்று.

ஜூலை.
இப்போது ஐப்பசி மழை பெய்துகொண்டிருக்கிறது.
விடியுமுன் நெற்றியில் விளக்கைக் கட்டி
ரப்பர் மரம் மரமாய்ப் போகிறவன் நொண்டியதை
யார் பார்த்திருப்பார்கள்,
பால் சொட்டும் சிரட்டைகளைத் தவிர.

திட்டலாம் என்று வாயெடுத்தேன்.
'சாளை தின்னியா?' என்றுதான் வந்தது.
'இன்னைக்கு மத்தியானம். கிழங்கும்.'
'எத்தனை?'
'ஏழு.'
பொறாமையா கோபமா,
எது எதை ஏற்றியது,
அதற்கும் அம்புத்தலை இல்லை.

வரும் செவ்வாய் இரண்டு பேருக்கும் டோக்கன் போடுவதாகச் சொன்னேன்.
'சரி' என்றான்,
மரத்தைப் பார்த்துச் சொல்வதுபோல.
பெரிய செம்பில் வெள்ளம் கோரி வைத்தேன்,
பாதி அவன் குடித்தான், மீதி நான்.
காசு வேண்டாம் என்றேன்.
மேசைமேல் இரண்டு ரூபாய் வைத்துவிட்டு எழுந்தான்.

படியிறங்க வலதுகாலை எடுத்தான்.
நான் பார்ப்பது தெரிந்ததும்
கொஞ்சம் நின்று
இடதை வைத்தான்.