ஏழு, சில நாள் எட்டு

இரவு ஷிப்ட் முடிந்து
தேயிலைத் தூள் அப்பிய சட்டையோடு
நான் கண்ணை மூடும் நேரம் பார்த்துத்தான்
சேவலுக்குத் தொண்டை திறக்கும்.
இந்தக் கச்சான் மூட்டத்தில்
சூரியனை அதுவும் பார்த்து ஒரு மாதம்.
எதை நம்பிக் கூவுகிறதோ.

"கூட்டைத் திறந்துவிட்டுப் படுங்க."
கமலவேணி கூடையை மாட்டிக்கொண்டு
மலைக்கு ஏறிவிடுவாள்.
ஒரு நாளில் நாங்கள் பேசுவதில்
பாதி இதுதான்.

கூடு நான் அடித்தது.
பழைய தேயிலைப் பெட்டிப் பலகை,
காம்பராக் கூரைக்குப் போக மிஞ்சிய தகரம்,
பறக்காமலிருக்க மேலே மூன்று கல்.
திறந்ததும் முதலில் வருவது நாற்றம்.
அப்புறம் புள்ளிக்காரி.
அப்புறம் கணக்கப்பிள்ளை:
தான் தின்பதை விட்டுவிட்டு
மற்றவள் வாயில் என்ன இருக்கிறதென்று
கழுத்தை நீட்டிப் பார்க்கிறவளுக்கு
வேறென்ன பெயர் வைப்பது.
சேவல் கடைசியில்தான் இறங்குவான்.

குருணல் விலை கேட்டால்
முட்டையை நாமே இடலாம் போலிருக்கும்.
ஆனாலும் வைக்கோலுக்குள் கைவிட்டு
அந்தச் சூட்டைத் தொடுகிறபோது
விரல் மரத்துப்போன இந்தக் குளிரில்
கையை எடுக்க மனசு வருவதில்லை.
கோழி கொத்தும். கொத்தட்டும்.

கோழி மிதித்துக் குஞ்சு சாகாது என்பார்கள்.
வெயில் ஊரில் சொன்ன பழமொழியாயிருக்கும்.
போன வருச ஆடியில், மழை ஓயாத ஓர் இரவு
பதினொன்றும் ஒரே இறக்கைக்குள் முண்டி
விடிந்தபோது ஒன்று தட்டையாய்க் கிடந்தது.
"அம்மாக் கோழிக்கு எண்ணத் தெரியுமா?"
மகன் திலக்சன் கேட்டான்.
புள்ளிக்காரி பத்தையும் கூப்பிட்டு
மண்ணைக் கிளறிக் காட்டிக்கொண்டிருந்தாள்.
தெரியாது என்று சொன்னேன்.
தெரியாது என்பது
எனக்கா கோழிக்கா என்று
அவன் கேட்கவில்லை.

மூன்றாம் காம்பரா ஞானசௌந்தரி
பங்குனியில் நட்ட லீக்ஸ் பாத்தியை
ஒரே மத்தியானத்தில் கிளறிப் போட்டார்கள்.
நான் அப்போது தூங்கிக்கொண்டிருந்தேன்.
என் பக்க நியாயம் அது.
அவள் சொல்லும் குற்றமும் அதுவேதான்.
அன்றிலிருந்து பீலிக்கரையில்
குடம் நிறையும் சத்தம் மட்டும்.

மாலையில் வேலைக்கு இறங்குமுன் எண்ணுவேன்.
சேவலோடு ஏழு.
சில நாள் எட்டு.
எட்டாவது, காலில் சிவப்பு நூல் கட்டிய
ஞானசௌந்தரியின் கோழி.
எங்களுக்குள் நடப்பது அதற்கென்ன தெரியும்,
நடுவில் நுழைந்து சூடாய் உட்கார்ந்திருக்கும்.
ஒரு நாள் முட்டையும் இட்டது.
அதை அவள் இஸ்தோப்பில் வைத்தேன்.
மறுநாள் எங்கள் வாசலில் இருந்தது.
திரும்ப வைத்தேன்.
திரும்ப வந்தது.
மூன்றாம் நாள் காக்கை தூக்கிப் போனதில்
இரண்டு வீட்டுக்கும் நிம்மதி.

வெள்ளி இரவு மரநாய் கம்பி வலையைக் கிழித்தபோது
நான் பெக்டரியில், அரைக்கிற சத்தத்துக்குள்.
கமலவேணி எழுந்து ஓடுவதற்குள்
அங்கே டோர்ச் வெளிச்சம்,
சட்டியில் அகப்பை அடிக்கும் சத்தம்,
ஞானசௌந்தரி.
"ஒங்க கோழிக்காக இல்ல,
என்னோடது உள்ள கெடக்கு."
நாலு மாதத்தில் முதல் பேச்சு.

போனது கணக்கப்பிள்ளை.
தீனி வேளையில் இப்போது
யாரும் யாரையும் எட்டிப் பார்ப்பதில்லை.
அமைதியாகத் தின்கிறார்கள்.
எனக்குத்தான் என்னவோ போலிருக்கிறது.

இன்று வலையைத் தைத்து முடித்து எண்ணினேன்.
ஏழு.
சரிதான் என்று கதவைச் சாத்தும்போது
உள்ளே சிவப்பு நூல் தெரிந்தது.
திறந்து அதை வெளியே விடலாமா என்று
கொஞ்ச நேரம் நின்றேன்.
மூட்டம் பாத்திவரை இறங்கியிருந்தது,
மூன்றாம் காம்பரா கண்ணுக்குத் தெரியவில்லை.
குரல் மட்டும் வந்தது:
"இன்னொரு கல்லு வைங்க.
ராத்திரிக்குக் காத்து வரும்."

வைத்தேன்.
பெக்டரிச் சங்கு ஊதியது.