முப்பத்தோராம் நாள்

கஸ்தூரியார் வீதியில் இரண்டு நகைக்கடைகளுக்கு நடுவே
ஒரு கதவளவு அகலம் எங்கட கடை.
போட்டோக் கொப்பி, லமினேற், விசா நீடிப்பு.
பலகையில் கடைசிச் சொல்லின் நடுவெழுத்து
வெயிலில் உரிந்துபோய் ஒரு வருசம்.

பத்தரைக்கு வந்தார்.
வேட்டி, பன்னிரண்டு நாள் தாடி.
மேசையில் வைத்த பாஸ்போட்
பீட்றூட் அரிந்த கையின் நிறம்.
உள்ளே இருந்த முகம் மழித்திருந்தது,
வெளியே நின்ற ஆளைத் தெரியாதது போல.

"பிள்ளை, எனக்கு ஒன்பது நாள் வேணும்."

நாலாம் திகதி இறங்கினவராம்.
முப்பது நாள் குடுத்தவங்களாம்.
பன்னிரண்டாம் திகதி விடியப்புறம் தமையன்.
கலியாணம் கட்டாத மனிசன்; கொள்ளி வைத்தது இவர்.
சுவர்க் கலண்டரில் பென்சிலால் எண்ணினேன்.
விசா அடுத்த மாதம் இரண்டோடு சரி.
கீரிமலையில் அந்தியேட்டி பதினொன்று.

ஒன்பது நாளைச் சில்லறையாய் விக்கிறதில்லை ஐயா,
எடுத்தால் மொத்தமாய்த்தான்.
"அவ்வளவுக்கு நான் என்ன செய்ய," என்றார்,
கூடக் கிடைத்த மீனைத் திருப்பிக் கொடுப்பவர் மாதிரி.

குடும்பப் பெயருக்கான பெட்டியில்
தகப்பன் இருந்தார்: நாகமுத்து.
"அங்க அப்பாவின்ர பேராலதான் கூப்பிடுவாங்கள்.
முதல் கிழமை நான் திரும்பியே பாக்கேல்லை."

பிறந்த இடம்?
இணுவில், என்றார். பிறகு ஒழுங்கையின் பெயரும் சொன்னார்.
பெட்டி நாடுகளை மட்டும் ஏற்கும்.
இறங்கி இறங்கிப் போய்
ஸ்பெயினுக்கும் சூடானுக்கும் இடையில்
எங்களைக் கண்டுபிடித்துத் தட்டினேன்.

வந்த நோக்கம்: விடுமுறை.
ஓகூஸில் இருந்து மகள் நிரப்பினதாம்.
"அப்ப அண்ணை கதைச்சுக்கொண்டிருந்தவர்."

நீடிக்கக் காரணம்?
பட்டியலில் ஆயுர்வேதம் இருந்தது,
விளையாட்டுப் போட்டி இருந்தது, யாரோ ஒருவரின் கலியாணமும்.
துடக்கு இல்லை.
ஏனையவை என்று போட்டேன்.

பக்கத்து ஸ்டூடியோப் பெடியன் எட்டிப் பார்த்தான்:
"சேவ் எடுத்திட்டு வாங்கோ அங்கிள், படம் ஒத்துவராது."
"முப்பத்தொண்டு முடியாமல் கத்தி படாது தம்பி."
தாடியோடேயே எடுத்தான். வருவது வரட்டும்.

அத்தாட்சிக்கு மரண அறிவித்தல்.
பாசமிகு சகோதரன் குகதாசன்,
பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் டென்மார்க்.
பெறாமக்கள் ஒவ்வொருவரும் ஒவ்வொரு அடைப்புக்குறிக்குள்.
அடைப்புக்குறி இல்லாமல் கிடந்தது
படத்தில் இருந்தவர் மட்டும்தான்.
குகதாசன் தன் பெயரை விரலால் மூடிப் பார்த்தார்.
"இணுவிலில நிண்டுதான் அச்சடிக்கக் குடுத்தனான்," என்றார்.

காசு டொலரில், அட்டையில்.
இரகசிய எண் போய் விழுவது
மகளிடம் விட்டு வந்த போனில்.
வட்ஸ்அப்பில் அவள் டெனிசில் வாசித்தாள்.
அந்தப் பாசையில் இருபத்து நாலை
நாலும் இருபதும் என்பார்களாம்.
அவர் அப்படியே தமிழாக்க, நான் நாற்பத்திரண்டு அடிக்க,
பிழை என்றது.
திரும்பவும் பிழை.
மூன்றாம் முறை ஒவ்வொரு இலக்கமாய்,
பல்லுக் கழட்டுகிற மாதிரி.

சுற்றிக்கொண்டிருந்த வட்டத்தைப் பார்த்தபடி கேட்டார்:
"நீர் வெளியில எங்கயும் போகேல்லையோ?"

மேசை லாச்சியில் கிடக்கிறது என்னுடையது.
மூன்று வருசத்தில் ஒரு முத்திரையும் இல்லை,
நடுப்பக்கத்தில் மடித்த கடிதம் ஒன்று.
"கேட்டனான்," என்றேன்.
"திரும்பி வருவன் எண்டதுக்குப் போதுமான காரணம் இல்லையாம்."

அவர் சிரிக்கவில்லை.
"எனக்கு நிக்கிறதுக்கு," என்று தொடங்கினார்.
கரண்ட் போய் வந்தது.
பிறகு அச்செடுத்த தாளை நாலாய் மடித்து
மடியில் செருகிக்கொண்டு வெயிலில் இறங்கினார்.

அடுத்தது கனடா, கருநீலம், அவசரம்.
ஸ்கானர் மூடியைத் திறக்காமலே
மேலிருந்தபடி பொத்தானை அமத்தினேன்.
வெளிச்சம் இடமிருந்து வலம் போனது.
திரையில், கனடா வரவேண்டிய இடத்தில்,
நெற்றியில் திருநீற்றோடு அவரின் தமையன்,
படம் எடுக்கும்போது யாரோ கூப்பிட்டதுபோல்
கொஞ்சம் திரும்பிய முகம்.

கண்ணாடியில் கவிழ்ந்து கிடந்த தாளை எடுத்து
கலண்டருக்குக் கீழே செருகி வைத்தேன்.
எப்படியும் தேடி வருவார்,
பதினோராம் திகதிக்கு இன்னும் நாள் கிடக்கு.