ஏழெட்டு ஐம்பத்தாறு

விடியுமுன் ஜெனொவேவாவின் காதுகளுக்கு
வெயில் களிம்பு தடவுகிறேன்.
வெளிச்சம் ஊடுருவும் காதுகள்.
ஒன்றேகால் கிலோ எலி,
கண்ணிவெடி மேல் நடந்தாலும்
வெடிக்கப் போதாத எடை.

பழக்கியது இப்படித்தான்:
வெடிமருந்து வாடை வரும் இடத்தைக் கீறினால்
என் கட்டைவிரலுக்கடியில் தகரம் ‘டக்’ என்னும்.
டக் என்றால் வாழைப்பழம்.
வேறெங்காவது கீறினால்
அடியில்லை, அதட்டலில்லை,
வெறும் ஒன்றுமில்லை.
ஒன்பது மாதத்தில் படித்துவிட்டாள்.

எனக்குப் படிப்பு வேறு மாதிரி வந்தது.
செனோர் பர்போசாவின் மேசையில்
ஐந்து துளையிட்ட மரத்தட்டு கிடக்கும்.
துளைகள், சதையை உள்ளிழுக்க.
ஏழெட்டு? என்பார்.
இன்றும் சந்தையில் எவளாவது
ஏழு படி மக்காச்சோளம், படி எட்டு மெத்திக்கால் என்றால்
விடைக்கு முன்னால்
உள்ளங்கை மூடிக்கொள்கிறது.
கணக்குத் தப்பாது.
ஆனால் மாமனார் கடை வைத்துத் தருகிறேன் என்றபோது
மாட்டேன் என்று எழுந்து வந்துவிட்டேன்.
ஏனென்று மனைவி இன்னும் கேட்கிறாள்.

இது பயிற்சி நிலமல்ல.
லிம்போப்போவுக்கு வடக்கே, மின்கம்பங்களின் ஓரம்.
கயிற்றின் இந்த முனையில் நான், அந்த முனையில் டோமே.
நடுவில் ஜெனொவேவா நின்றாள். கீறினாள்.
கீறிவிட்டு என்னைப் பார்த்தாள்.

தட்ட எனக்கு அனுமதியில்லை.
கீழே என்ன இருக்கிறதென்று
எனக்கே தெரியாதே.
வெறும் மண்ணுக்குப் பழம் கொடுத்துவிட்டால்
அப்புறம் எல்லா மண்ணையும் கீறுவாள்.

மறுபடி கீறினாள், முன்னைவிட வேகமாக,
வராத லிஃப்டின் பொத்தானைக்
குத்திக் குத்தி அமுக்குகிறவர்களைப் போல.
டோமே வரைபடத்தில் புள்ளி வைத்தான்.
கயிற்றை நகர்த்தினோம்.

பிற்பகல் மூன்றரைக்கு
எல்லோரையும் விலக்கி அந்தப் புள்ளியை வெடித்தார்கள்.
மண் எழுந்து, கொஞ்சம் யோசித்து, விழுந்தது.
கூண்டில் தூங்கியவளின் காது
ஒருமுறை துடித்தது, அவ்வளவுதான்.

சரியாகத்தான் சொன்னாள்.
ஒன்பது மணி நேரம் கழித்து எனக்குத் தெரிகிறது.
கை தானாகப் பைக்குள் போய்விட்டது.
ஒரு நொடி பிந்தினாலே
டக் வேறெதற்கோ போய்ச் சேரும்.
இப்போது தட்டினால்
அது தூக்கத்துக்குக் கூலி.

தகரத்தை டோமேயிடம் கொடுத்தேன்.
பழத்தை உரித்து
ஓசைப்படாமல் கூண்டுக்குள் வைத்தேன்.
தின்றாள். என் விரல்களை முகர்ந்தாள்.
பிறகு, எதற்குக் கிடைத்ததென்று புரியாமல்,
கூண்டின் தரையைக்
கீறத் தொடங்கினாள்.