மூன்றாவது இணைப்பு

பழைய கீபோர்டில் முதலில் செத்தது புள்ளிதான்.
ஒன்பது வருடம் இடது சுட்டுவிரல்
குத்திக் குத்திக் கொன்ற விசை.
போன வாரம் ஒரு சாட்சி
'பாரத்தேன, அவனதான' என்று
என் தட்டச்சில் வாக்குமூலம் கொடுத்தார்.
வக்கீல் குமாஸ்தா போன் போட்டுக் கேட்டார்:
'அவருக்குத் தாய்மொழி தெலுங்கா மேடம்?'

அரசினர் தோட்டத்தில் மெட்ரோவை விட்டு
மேலே வந்தால் வெயில்.
ரிச்சி தெருவில் ஒரு வண்டி திரும்புவதற்காக
தெருவே மூச்சை உள்ளிழுத்துக்கொண்டு நின்றது.
மாடிக்கடை. ஏசி. செருப்பைக் கழற்றணுமா என்று
ஒரு நொடி தயங்கி, கழற்றாமலே போனேன்.

நூருல்லா மூன்றை எடுத்துக் கண்ணாடி மேல் வைத்தான்.
ஒன்று சோழி குலுக்கியது.
ஒன்றில் வானவில் ஓடியது, கல்யாண மண்டப வாசல் மாதிரி.
மூன்றாவது கறுப்பு. வயர் இல்லை. கனம்.
'சத்தமே வராது மேடம்,
பக்கத்துல தூங்குறவங்க எழுந்திருக்க மாட்டாங்க.'
பக்கத்தில் யாரும் தூங்குவதில்லை என்பதை
அவனிடம் ஏன் சொல்ல வேண்டும்.

பதிமூன்றாயிரத்து நானூறு.
பக்கத்துக்குப் பதினெட்டு ரூபாய் வாங்குகிறவள் நான்.
மனசு தானாக வகுத்தது:
எழுநூற்று நாற்பத்து நாலு பக்கம்,
மீதி எட்டு ரூபாய்.

'அடிச்சுப் பாருங்க.'

எதிரே திரை இல்லை.
காதில் ஹெட்போன் இல்லை,
இருமிக்கொண்டே பொய் சொல்லும் யாரும் இல்லை.
எஃப் மேல் சின்னதாக ஒரு மேடு;
தமிழுக்கு அதுதான் புள்ளி.
சுட்டுவிரல் அங்கே போய் உட்கார்ந்தது.
மற்ற விரல்கள் என்னைக் கேட்கவில்லை:

'திருநின்றவூர் மனைக்கு
நான் கையெழுத்துப் போட்டது
மனசாரப் போட்டதில்லை, தணிகாசலம்.
பேனாவை நீதான் திறந்து கொடுத்தாய்.'

நல்ல கீபோர்டு. ஒரு விசையும் திக்கவில்லை.

மூலையில் பில் போட்டுக்கொண்டிருந்த கேவல்சந்த்
மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.
'நூரு, இன்னாடா இது, பூனை கீனை நடந்துச்சா?'
அவர் திரையில், ஒரு சிசிடிவி கேமராவின் விலைக்குக் கீழே,
நான்.
ஆங்கில எழுத்துக் குப்பையாக நான்.
ந இருக்க வேண்டிய இடமெல்லாம் அரைப்புள்ளி,
எங்கெங்கோ ஒரு மேற்கோள்குறி,
தம்பியின் பெயர் உயிரெழுத்தே இல்லாமல்
பல் கடித்துக்கொண்டு நின்றது.
'சாரி மேடம், டெமோ பீஸ், பில் சிஸ்டத்தோட கனெக்ட் ஆயிருக்கு,'
நூருல்லா வழிந்தான்.
கேவல்சந்த் அழிக்கும் விசையை அழுத்திப் பிடித்தார்.
கடைசியில் அடித்தது முதலில் போனது.
ஐந்து விநாடி இருக்கும்.
ஐந்து வருடமாக உள்ளே இருந்தது அது.

'புது பீஸ் எடுத்துட்டு வரேன்.'
வேண்டாம், இதுவே போதும் என்றேன்.
டிஸ்ப்ளே பீஸ் என்பதால் ஆயிரத்து நூறு குறைத்தார்கள்.
அதற்காகத்தான் என்று அவர்களும் நினைத்தார்கள்,
பெரம்பூர் வரும்வரை நானும்.

இப்போது முதல் எண்ணில் வீட்டுக் கணினி.
இரண்டாவதில் போன்.
புள்ளிகள் எல்லாம் திரும்பி வந்துவிட்டன,
சாட்சிகள் சுத்தத் தமிழில் சாட்சி சொல்கிறார்கள்.
மூன்றாவதை நூருல்லா அழிக்க மறந்திருக்கிறான்.

சில ராத்திரி, பக்கங்கள் முடிந்தபின்
மூன்றை அழுத்துகிறேன்.
ஒரு வெள்ளை விளக்கு விட்டு விட்டு மினுக்குகிறது,
ஷட்டர் போட்ட அந்த மாடியைத் தேடி.
எட்டாது. தெரியும்.
அது மினுக்குகிற வரைக்கும் அடிக்கிறேன்.
அணைந்தால்
மறுபடி மூன்று.