மஞ்சள் கோடுகள்

கருங்கல்பாளையத்தில் வாடகை குறைவென்று
மஞ்சள் குடோனுக்கு மேலே குடிவந்தோம்.
தரை முழுக்கத் தேக்குப் பலகை.
ராத்திரி விரித்த வெள்ளைப் போர்வையைக்
காலையில் எடுத்தால்
இடுக்குக்கு ஒன்றாய் மஞ்சள் கோடு.
கீழே மூட்டை விழும்போதெல்லாம்
தூசி மேலேறி வந்து போட்டது.

சித்திரையில் ஒரு ரூபாய்க் காசு
நட்டமாய் நுழைந்து கீழே போயிற்று.
"ஏனுங்க, மேல இருந்து காசு விழுதுங்க" என்றாள்
சாக்கு தைக்கும் துளசிமணி.
திருப்பித் தரவில்லை.

ஆசாரி சிவமலை வேண்டாமென்றுதான் சொன்னார்:
"வெயில்ல மரம் ஒடுங்கிக் கெடக்குது.
இப்ப அடைச்சா மழைக்கு அது எங்கீங்க போவும்?"
கேட்கவில்லை நான்.
ஊக்கால் நோண்டினேன். குண்டூசி நாலு,
வளையல் துண்டு, யாருடையதோ பால்பல்.
மரத்தூளும் பெவிகாலும் பிசைந்து
அடைத்து, தேய்த்து, எழுந்தபோது
தரை ஒரே பலகை.
முதுகுதான் ரெண்டு துண்டு.

ஐப்பசியில் ஒரு ராத்திரி
பட்டென்று சத்தம்.
கட்டிலடியில் இரண்டு பலகைகள்
கூரையாட்டம் முட்டி நின்றன.
அடைத்ததெல்லாம் பிதுங்கிக்
காய்ந்த பற்பசையாய்க் கிடந்தது.

தை பிறந்ததும் அத்தனையும் சுரண்டிவிட்டு
சிவமலை சொன்ன நூல்கயிறு வாங்கினேன்.
ஸ்குரூடிரைவரால் அமுக்க அமுக்க
நெகிழ்ந்து உட்கார்ந்தது.
மரம் தள்ளினால் சுருங்கிக்கொள்ளுமாம்.

முக்கால் அறையில் கயிறு தீர்ந்தது.
மூட்டை அடுக்கின் மேல் ஏறி நின்று
துளசிமணி
தையல் சணலை இடுக்கு வழியே நீட்டினாள்.
நுனி பிடித்து இழுத்தேன்,
மஞ்சளாய் வந்துகொண்டே இருந்தது.

"ஒரு ரூவாய்க்கு
இது போதுங்களா?"