இணை விண்ணப்பதாரர்

மதிப்பீட்டாளர் ஷூவைக் கழற்றாமல் உள்ளே வந்தார்.
அவர் கைக்கருவியின் சிவப்புப் புள்ளி
சுவரில் பல்லிபோல ஓடி, மூலையில் நின்றது.
பதினெட்டு லட்சத்துக்கு வாங்கிய வீடு
இப்போது நாற்பத்து நான்கு என்றார்.
நான் ஒன்றுமே செய்யவில்லை.
கூரை ஒழுகும் இடத்தில் இருந்த வாளியை
கட்டிலுக்கு அடியில் தள்ளியிருந்தேன், அவ்வளவுதான்.
ஜூஜூவாடி தாண்டி ஏதோ கம்பெனி வந்ததாம்,
அதில் எங்கள் சமையலறைக்கு விலை ஏறிவிட்டதாம்.

ஏறியதை எடுத்துவிடலாம் என்றார் திம்மராயன்.
டாப்-அப்.
வண்டிக்குப் பெட்ரோல் போடச் சொல்வதுபோலச் சொன்னார்.
பழைய கடனை அடைக்கப் புதுக்கடன்,
மிச்சத்தில் பாகலூர் ரோட்டில் ஆறு லைன் வீடு.
நாற்பத்தோரு இடத்தில் கையெழுத்துப் போட்டேன்.
ஒவ்வொன்றின் கீழும் அச்சடித்திருந்தது:
இணை விண்ணப்பதாரர்.
கல்யாணமாகி இருபத்தாறு வருடத்தில்
எனக்குக் கிடைத்த முதல் பதவி.

இரண்டு வருடம் கழித்து
அதே சிவப்புப் புள்ளி அந்த ஆறு வீட்டிலும் ஓடியது.
அதன் வயிற்றிலிருந்து மத்திகிரியில் நான்கு.
தாய்ப்பத்திரம் என்கிறார்கள்.
எங்கள் தாய்மார் மூன்று பேரும்
கிருஷ்ணகிரிக் கிளையின் இரும்பு அறையில்
பிள்ளைகள் முகம் பார்க்காமல் கிடக்கிறார்கள்.

ஐந்தாம் தேதி தவணை.
அதனால் மூன்றாம் தேதி வாடகை.
அதனால் இரண்டாம் தேதி ராத்திரி
நான் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு படி ஏறுகிறேன்.
நான்காம் நம்பரில் ஐந்து பெண்கள்,
செல்போன் கம்பெனி,
மூன்று பாய், ஒரு அடுப்பு.
ஷிஃப்ட் மாறும்போது பாயும் ஆள் மாறும்.

கார்த்திகையில் கம்பெனி உற்பத்தியை நிறுத்தியது.
பெண்கள் ஊருக்கு பஸ் ஏறினார்கள்.
ஏழு சாவி என் ஆணியில் தொங்கியது.
வட்டிக்கு மட்டும் ஷிஃப்ட் இல்லை,
ஞாயிற்றுக்கிழமை இல்லை.
என் வளையல் இரண்டு
தாய்மாருக்குத் துணையாகப் போயின.

ஜெனிட்டா மட்டும் போகவில்லை.
ராதாபுரத்துப் பெண். பேக்கரியில் நின்று
அந்த மாதமும் கொண்டுவந்து கொடுத்தாள்,
எல்லாம் பத்தும் இருபதுமாக.
எண்ணிக்கொண்டிருந்தபோது கேட்டாள்,
"அக்கா, இவ்வளவும் உங்க வீடா?"
ஆமாம் என்றேன்.
பேங்க் வீடு என்றேன்.
பிறகு இறங்கி வரும்போது, எட்டாவது படியிலோ என்னவோ,
கணக்கு வேறு மாதிரி விழுந்தது.
நான் போட்டது கையெழுத்து.
கட்டுகிறவள் அவள்.
நாற்பத்தோரு தாளில் எதிலும்
அவள் பெயருக்கு இடம் விடவில்லை.

இதை வீட்டில் சொன்னேன்.
திம்மராயன் டிவி சத்தத்தைக் குறைத்தார்,
கேட்டார், மறுபடி கூட்டினார்.

வியாழக்கிழமை மதிப்பீட்டாளர் வருகிறார்.
முதல் வீடு இப்போது அறுபதைத் தொடுமாம்,
பேரிகைப் பக்கம் ஒரு மனை பார்த்தாயிற்றாம்.
பத்து வீடு வாடகைக்கு விட்டவர்களின்
கூரை இன்னும் அதே மூலையில் ஒழுகுகிறது.
"வாளியை உள்ளே தள்ளு" என்கிறார்.

தள்ளவில்லை.
சொட்டு விழும் இடம் தெரியட்டும்.
அந்தப் புள்ளி வந்து
அதையும் அளக்கட்டும்.